வாசகர் கேள்வி – பதில்: மாறிவரும் வருமானமும் தசமபாகமும்

அறுப்பின் பண்டிகைக் காலம் நெருங்குவதாலோ என்னவோ, இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காணிக்கையைப் பற்றியும், வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் தசமபாகத்தைப் பற்றியுமே இருந்தன. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்றாலும் வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு எல்லாம் போகக் கைக்கு வருவது 84,000 ரூபாய். அதில் வீட்டுக் கடன் தவணை மட்டும் 38,000. தசமபாகத்தை எந்தத் தொகையில் கணக்கிடுவது? மொத்தச் சம்பளத்தில் கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறவன் என்று எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதிலிருந்து மனம் உறுத்துகிறது. (சோழிங்கநல்லூர்)

பதில்: தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவராதவர்கள் தேவனை வஞ்சிக்கிறார்கள் என்று கண்டிக்கும் மல்கியா மூன்றாம் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நண்பர் பேசியிருக்கிறார். அந்த அதிகாரத்தின் பண்டசாலை எதற்காக இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் கண்டிப்பு யாரை நோக்கியது என்பது விளங்கும். லேவியராகமம் 27, எண்ணாகமம் 18, உபாகமம் 14 ஆகிய பகுதிகளில் தசமபாகம் விதிக்கப்பட்டது நிலத்தின் தானியம், திராட்சரசம், எண்ணெய், மரங்களின் கனி, ஆடுமாடுகளின் பெருக்கம் ஆகியவற்றின் மேல்தான். ஆடுமாடுகளில் இடையனின் கோலின்கீழ் கடந்துபோகும் பத்தாவது உருப்படி கர்த்தருக்குரியது என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் அந்த ஆண்டில் ஒன்பதே குட்டிகள் ஈன்ற மந்தையை உடையவனுக்குப் பத்தாவது என்று ஒன்று வருவதில்லை. தச்சன், குயவன், கூலிக்காரன் ஆகியோரின் கூலியைப் பற்றி அந்தச் சட்டங்கள் எதுவும் சொல்லவில்லை. நிலத்தைச் சுதந்தரமாக, அதாவது பரம்பரைப் பங்காகப் பெற்றவர்கள், அப்படிப்பட்ட பங்கு இல்லாமல் ஆலயப் பணி செய்த லேவியரைத் தாங்கும் ஏற்பாடாகவே அது இருந்தது.

ஆகவே மாதச் சம்பளக்காரர் பத்தில் ஒன்று கொடுப்பது என்பது அந்தச் சட்டத்தின் நேரடியான தொடர்ச்சி அன்று. பின்னாளில் திருச்சபைகள் தங்களுக்கு வகுத்துக்கொண்ட, பயனுள்ள ஓர் ஒழுங்கு அது. சம்பாதிக்கிற எல்லாவற்றிலும் தசமபாகம் செலுத்துகிறேன் என்று சொல்லிக்கொள்பவர் ஒருவர் சுவிசேஷத்தில் வருகிறார். லூக்கா 18இல், வரி வசூலிக்கும் ஆயக்காரன் தூரத்தில் நிற்க, தன்னையே மெச்சிக்கொண்டு ஜெபித்த பரிசேயர்தான் அவர். இதைச் சொல்வது உங்களைக் கொடுக்காமல் தடுப்பதற்காக அன்று, மொத்தச் சம்பளமா நிகரச் சம்பளமா என்ற கேள்வியை உங்கள் இரட்சிப்போடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்பதற்காகத்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். வருமான வரி உங்கள் கைக்கு வராத பணம் என்பதால் அதைக் கழித்துக் கணக்கிடுவதில் தவறில்லை என்பது நம் கருத்து. வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கப்படுவது உங்கள் பணமே, பின்னால் வட்டியோடு திரும்பி வரப்போவது. அதற்கு இப்போது கொடுத்தால், பணம் திரும்பி வரும்போது வட்டிக்கு மட்டும் கொடுத்தால் போதும். இப்போது கொடுக்காவிட்டால் அப்போது முழுத்தொகைக்கும் கொடுங்கள். எதுவானாலும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். வீட்டுக் கடன் தவணை வேறு வகை. அது உங்கள் பெயரில் ஒரு சொத்தாக வளர்வதால், வருமானத்திலிருந்து கழிக்க வேண்டிய செலவாக அதைக் கருத இயலாது. ஆனால் தவணையும் தசமபாகமும் போக மிஞ்சுவதில் பெற்றோரின் மருத்துவச் செலவுக்கோ பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கோ கடன் வாங்க நேருமானால், சில ஆண்டுகளுக்கு ஐந்து சதவீதம் என்று தீர்மானித்துக்கொண்டு, தவணை குறையக் குறைய அதை உயர்த்துங்கள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே ஒருவனுடைய ஈகை அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதியிருப்பது இதற்குப் பொருந்தும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாதம் 12,000 ரூபாயில் ஐந்து பேர் வாழும் வீட்டில் 1,200 ரூபாய் என்பது அரிசியும் மருந்தும். மாதம் மூன்று லட்சம் வாங்குகிறவருக்கு 30,000 ரூபாய் என்பது பெரும்பாலும் சேமிப்பிலிருந்து குறையும் ஓர் எண். இருவருக்கும் ஒரே சதவீதத்தை விதித்துவிட்டுச் சமமாக நடத்திவிட்டோம் என்று எண்ணுவது சரியன்று. வசதியுள்ளவர்கள் பத்து சதவீதத்தோடு தங்கள் கடமை முடிந்துவிட்டதாக நினைப்பது, ஏழைகள் பத்தை எட்டவில்லையே என்று கலங்குவதைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது.

கேள்வி: என் மகன் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி நிறுவனமொன்றில் இருசக்கர வாகனம் ஓட்டுகிறான். ஒரு வாரம் ஆறாயிரம் வரும், மழை பெய்தால் இரண்டாயிரம்கூட வராது. நிலையான சம்பளம் இல்லாதவன் எப்படிக் கணக்குப் பார்ப்பது? (நாசரேத்)

பதில்: அம்மா, உங்கள் மகனை அந்த நிறுவனங்கள் ஊழியர் என்று சொல்வதில்லை, பங்குதாரர் என்றே சொல்கின்றன. அப்படியானால் சிறு வியாபாரிக்குரிய கணக்குத்தான் அவருக்கும் பொருந்தும். கடைக்காரர் விற்றுமுதலில் பத்தில் ஒன்று கொடுப்பதில்லை, இலாபத்தில்தான் கொடுக்கிறார். ஒரு நாள் 900 ரூபாய் வந்து, அதில் பெட்ரோலுக்கு 250 ரூபாய் போனால், அவருடைய வரவு 650தான். அந்த 650இலிருந்தும் வண்டியின் பராமரிப்பு, டயர், காப்பீடு, வண்டிக் கடனின் தவணை ஆகியவற்றை மாதக் கணக்கில் கழிக்க வேண்டும். வீட்டுக் கடனைக் கழிக்கக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டு இங்கே வண்டிக் கடனைக் கழிக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் அந்த வண்டி சில ஆண்டுகளில் தேய்ந்து தீர்ந்துபோகும் தொழிற்கருவி.

பவுல் கொரிந்து சபைக்குச் சொன்ன ஏற்பாடு இவரைப் போன்றவர்களுக்கே எழுதியதுபோல இருக்கிறது. வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன்தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும் எடுத்து வைக்கட்டும் என்கிறார்; தொகையும் சொல்லவில்லை, சதவீதமும் சொல்லவில்லை. உங்கள் மகன் ஞாயிறுதோறும் அந்த வாரத்துக்கு உரியதை ஒரு டப்பாவில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் கொண்டுபோய்ச் செலுத்தலாம். வராத வாரத்துக்குப் பாக்கி என்று ஒன்று கிடையாது. விபத்து நேர்ந்தால் தாங்குவதற்குத் தொழிலாளர் காப்பீட்டின் துணைகூடப் பெரும்பாலும் இல்லாத வேலை இது. அதனால் அவர் முதலில் ஒரு சிறு அவசரத் தொகையைச் சேர்த்துக்கொண்டு, பிறகு காணிக்கையை உயர்த்தினாலும் யாரும் குறை சொல்லக் கூடாது.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். போன வருடம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 4,000 ரூபாய்க்குக் கேட்டுவிட்டு, அதைக் கட்டுவதற்கு மகளிர் குழுவில் கடன் எடுத்தேன். இதுபோக, தொலைக்காட்சியில் பேசும் ஊழியர் ஒருவர், கடனில் இருக்கிறவர்கள்தாம் விசுவாச விதையை விதைக்க வேண்டும், அது நூறத்தனையாக, அதாவது நூறு மடங்காகத் திரும்பி வரும் என்கிறார். அதையும் நம்பி இரண்டு முறை அனுப்பினேன். (திருப்பூர்)

பதில்: கடன் வருமானம் அன்று, அதிலிருந்து காணிக்கை கொடுக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. வாரந்தோறும் வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டிய பணத்தை எடுத்து ஆலயத்துக்குக் கொடுத்தால், அந்தக் காணிக்கையை உண்மையில் செலுத்துவது உங்கள் பிள்ளைகளின் சாப்பாடுதான். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை இயேசு மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கண்டித்தார். பிள்ளைகளுக்குரியதை எடுத்துக் கொடுப்பதும் அந்தக் கண்டிப்புக்குத் தப்பாது. தொலைக்காட்சி ஊழியர் சொல்லும் நூறத்தனை, விதைக்கிறவனின் உவமையில் வருவது. அங்கே விதை என்பது வசனம் என்று இயேசுவே விளக்கியிருக்கிறார், அதைப் பணமாக மாற்றியவர் அந்த ஊழியர். அவருக்கு இனி அனுப்பாதீர்கள்.

ஏலத்தைப் பற்றி உங்கள் சபையாருக்கும் ஒரு வார்த்தை. விளைந்ததை விளைவித்தவர்கள் கொண்டுவந்து படைத்து, வாங்க முடிந்தவர்கள் வாங்கி, வந்த பணம் ஆலயத்துக்குப் போவது நல்ல வழக்கம். விலை ஏற ஏறக் கைதட்டி, ஊரார் முன்னால் ரோசத்தைக் கிளப்பிவிட்டு, பின்பு கடனுக்கு எழுதிக்கொள்வது நல்ல வழக்கமன்று. அன்றைக்கே ரொக்கமாகக் கட்ட முடிந்தவர்கள் மட்டும் கேட்கலாம் என்று சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் கமிட்டி ஒரு விதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: எங்கள் கடற்கரை ஊரில் மீன் ஏலம் போனதும் கோயிலுக்கு ஒரு பங்கை எடுத்துவிடுவார்கள். அப்பா காலத்தில் இது யாருக்கும் பாரமாக இல்லை. இன்று டீசல், ஐஸ், வலை என்று செலவு போனபின் சில நாள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆனாலும் கோயில் பங்கு போய்விடுகிறது. (தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமை விசுவாசிகளுக்கு உண்டு என்று 222ஆம் சட்டத்தில் சொல்கிறது, சதவீதம் எதையும் விதிக்கவில்லை. உங்கள் ஊர்ப் பங்கு ஊர் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் என்பதால் ஊர் கூடி அதை மாற்றவும் முடியும். கட்டுமரமும் பாய்மரமும் கொண்டு தொழில் செய்த காலத்தில் கடலுக்குப் போய்வரும் அன்றாடச் செலவு குறைவு. ஏலத் தொகைக்கும் மீனவர் கையில் மிஞ்சுவதற்கும் இடையே அன்று பெரிய வித்தியாசம் இருந்திராது, ஆகவே ஏலத்தின்போதே எடுப்பது நியாயமாகவும் எளிதாகவும் இருந்தது. இயந்திரப் படகு வந்தபின் அந்த இரண்டு தொகைகளுக்கும் இடையில் டீசல் நுழைந்துவிட்டது.

படகு உரிமையாளரும் தொழிலாளரும் செலவைக் கழித்த பிறகுதானே தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்? கோயில் பங்கையும் அந்த இடத்துக்கு நகர்த்தும்படி ஊர்க் கமிட்டியிடமும் பங்குத்தந்தையிடமும் கேளுங்கள். செலவுக் கணக்கைச் சரிபார்ப்பது கடினம் என்று அவர்கள் சொல்லக்கூடும், அதுவும் உண்மைதான். அப்படியானால் ஒரு நடைக்கு இவ்வளவு செலவு என்று படகின் அளவுக்கேற்ப ஊரே ஒரு தொகையை நிர்ணயித்து, அதற்கு மேல் வருவதில் மட்டும் பங்கு எடுக்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அந்த நாட்களில் வேலையற்றிருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கோயில் பங்கில் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கும்படியும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: நான் ஒரு சேகரத்தின் பொருளாளர். மாதச் சந்தா 15 ஆண்டுகளாக அதே நூறு ரூபாய். உபதேசியார் (சபை ஊழியர்) சம்பளம், மின்கட்டணம், திருமண்டலத்துக்கு (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளின் அமைப்பு) செலுத்த வேண்டியது எல்லாம் ஏறிவிட்டன. காணிக்கைப் பையில் விழுவது பத்து, இருபது ரூபாய்த் தாள்கள்தாம், இளைஞர்கள் கையில் பணமே வைத்திருப்பதில்லை. கியூஆர் அட்டை வைத்தால், ஆலயத்தைக் கடையாக்கிவிட்டோம் என்று பெரியவர்கள் கோபிக்கிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஆராதனையில் வாசித்தால் வரவு கூடும் என்கிறார் ஒரு கமிட்டி உறுப்பினர். (திருநெல்வேலி)

பதில்: வாசிக்க வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற வசனத்தை ஆண்டுதோறும் வாசிக்கும் அதே பீடத்திலிருந்து அந்தப் பட்டியலையும் வாசிப்பது பொருத்தமற்றது. அதிகம் கொடுத்தவர் பெருமைப்படுவதைவிடக் குறைவாகக் கொடுத்தவர் அடுத்த வாரம் வராமலிருப்பதே அதன் விளைவாக இருக்கும்.

கியூஆர் அட்டையை வையுங்கள். யூபிஐ 2016இல் அறிமுகமாகி இத்தனை ஆண்டுகளில் பூக்காரரும் இளநீர்க் கடைக்காரரும் அதில்தான் பணம் வாங்குகிறார்கள். அது கடைக்குரியது என்றால் ரூபாய் நோட்டும் கடைக்குரியதுதானே. ஆனால் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். அட்டை சேகரத்தின் வங்கிக் கணக்கோடு மட்டுமே இணைந்திருக்க வேண்டும். குருவானவரின் கைபேசி எண்ணோடோ உங்கள் எண்ணோடோ ஒருநாளும் இணைந்திருக்கக் கூடாது, தற்காலிகமாகக்கூட. அடுத்து, பையில் போடுகிறவரின் பெயர் எவருக்கும் தெரியாது, கியூஆரில் செலுத்துகிறவரின் பெயரும் தொகையும் உங்கள் திரையில் தெரியும். இரகசியமாகக் கொடுக்க விரும்புகிறவருக்கும் ஐந்து ரூபாய் மட்டுமே உள்ளவருக்கும் பை இருந்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் காணிக்கையிலும் எச்சரிக்கை தேவை. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடியுரிமையுள்ள உங்கள் சபையார் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்கக் குடியுரிமையோ ஆஸ்திரேலியக் குடியுரிமையோ பெற்றுவிட்ட சொந்தக்காரர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதைப் பெறுவதற்கு உரிய பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

சந்தாவுக்கு வருவோம். விலைவாசி ஏறும் நாட்டில் ரூபாயில் நிலைநிறுத்திய தொகை ஆண்டுக்கு ஆண்டு தானாகவே குறைந்துகொண்டு வரும். இங்கிலாந்தில் தானியமாகக் கொடுத்துவந்த தசமபாகத்தை 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பணமாக மாற்றியபோது இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையோடு அந்தத் தொகையை இணைத்துவிட்டார்கள். உங்கள் சேகரம் அவ்வளவு நுட்பமாகப் போக வேண்டியதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை சபைக் கூட்டத்தில் செலவுக் கணக்கை வைத்துச் சந்தாவைத் திருத்துவதே போதும். ஆனால் பல சபைகளில் சந்தா பாக்கி உள்ளவர் வாக்களிக்க முடியாது என்பதால், சந்தா ஏறும்போது ஏழைகளின் குரல் குறையும் அபாயம் உண்டு. ஆகவே வாக்குரிமைக்கான குறைந்தபட்சத் தொகையைச் சிறியதாகவே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் அவரவர் வருமானத்தில் ஒரு விகிதத்தைத் தாமாகவே எழுதிக் கொடுக்கும்படி கேட்பது நல்லது.

வெளிநாட்டு மிஷன் பணம் இனி நம்மைத் தாங்கும் என்று எதிர்பார்க்க இயலாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பணம் பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவே முடியாது. ஆனால் திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதிய பாடமன்று. 1903இலேயே இந்திய மிஷனெரி சங்கத்தை இவ்வூர் விசுவாசிகள் தங்கள் சொந்தக் காணிக்கையில் தொடங்கினார்கள். அதைத் தொடங்குவதில் முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, பின்னர் 1912இல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானவர், காணிக்கை கொடுத்தலைப் பற்றித் தனி நூலே எழுதினார். மிசோரத்தில் 1910 முதல் பெண்கள் சமைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை ஆலயத்துக்கென்று எடுத்து வைக்கிறார்கள். ரொக்கம் குறைவாகப் புழங்கிய மலைநாட்டில் பெரிய ஊழியங்கள் அந்த அரிசியில் வளர்ந்தன. நம் ஊர்களிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை இருந்தது. கடையில் ஐந்து கிலோ பையில் அரிசி வாங்கும் வீடுகளில் அது மெல்ல நின்றுபோயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கைத் திறந்து வையுங்கள். வேதத்தில் வரும் யூதேயாவின் அதிபதி நெகேமியாவின் காலத்தில் ஜனங்கள் தசமபாகம் கொடுக்காததால் லேவியர் பிழைப்புக்காக வயல்களுக்கு ஓடிப்போனார்கள். அவர் தலைவர்களைக் கடிந்துகொண்டு, லேவியரைத் திரும்ப அவரவர் நிலையில் நிறுத்தினார். ஜனங்களும் தசமபாகத்தைக் கொண்டுவந்தார்கள். அதைக் காக்க ஓர் ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன் ஆகிய மூவரையும் அவர்களுக்கு ஒரு துணையாளையும் பொக்கிஷசாலைமேல் வைத்தார். அவர்கள் உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டதே அதற்குக் காரணம் என்று வேதம் சொல்கிறது. கொடாதவர்களைக் கடிந்துகொள்ளும் பகுதியைப் பிரசங்கிக்கும் சபைகள், நால்வரை நியமித்த பகுதியையும் பிரசங்கித்தால் நன்றாக இருக்கும். மாத வரவுசெலவை ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உபதேசியாருக்கு என்ன சம்பளம் போகிறது என்பது சபையாருக்குத் தெரிந்தால், அவர்களில் பலர் அதற்காகவே வெட்கப்பட்டுக் கூடுதலாகக் கொடுப்பார்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் தசமபாகத்தை ஆலயத்தில் கொடுக்காமல், கணவனை இழந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிள்ளைகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுத்து வருகிறேன். இது தசமபாகம் ஆகாது என்கிறார் என் தங்கை. (நாகர்கோவில்)

பதில்: உபாகமம் 14ஆம் அதிகாரத்தைத் தங்கையோடு சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். மூன்றாம் வருஷத்தின் தசமபாகம் உங்கள் வாசல்களிலேயே வைக்கப்பட்டு, லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்கிறது அது. அதே அதிகாரம் இன்னொன்றும் சொல்கிறது, அதை யாரும் பிரசங்கிக்கக் கேட்டிருக்க மாட்டீர்கள். மற்ற வருஷங்களில் ஆலயம் தூரமாக இருந்தால் தசமபாகத்தை விற்றுப் பணமாக்கிக் கொண்டுபோய், அங்கே விரும்பியதை வாங்கி, குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்பதே அது. தென் மாவட்டத்துச் சபைகளில் அசனத்தன்று சாதி, வசதி பாராமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, அந்தப் பழைய சட்டத்தின் ஒரு பகுதி அதை அறியாமலே நிறைவேறுகிறது.

உங்கள் காணிக்கை விதவைக்குப் போவதில் குற்றம் இல்லை. ஆனால் அந்த அதிகாரத்தில் லேவியனும் விதவையும் ஒரே வாக்கியத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, கல்லறைத் தோட்டத்தைக் காக்கும் கோயில் ஊழியருக்கும் ஓய்வூதியம் இராது. அதனால் ஒரு சிறு பகுதியை ஆலயத்துக்கும் வையுங்கள், தங்கையும் சமாதானமாவார்.

கேள்வி: ஆலயத்துக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வருமான வரிச் சலுகை உண்டா? (கோயம்புத்தூர்)

பதில்: பொதுவாக இல்லை. 80ஜி என்று நாம் அறிந்த சலுகை, குறிப்பிட்ட ஒரு மதத்தாரின் நலனுக்கென்று மட்டும் இயங்கும் அமைப்புகளுக்குக் கிடைப்பதில்லை. வரலாற்றுச் சிறப்புள்ளவை என்று அரசு அறிவித்த வழிபாட்டுத் தலங்களின் புதுப்பிப்புப் பணிக்குக் கொடுக்கும் நன்கொடை விதிவிலக்கு. திருச்சபை நடத்தும் மருத்துவமனையோ ஆதரவற்றோர் இல்லமோ தனி அறக்கட்டளையாகப் பதிவுசெய்து ஒப்புதல் பெற்றிருந்தால் அதற்குக் கொடுப்பதில் சலுகை உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. ஆகவே பணம் கொடுக்கும் முன் எந்த முறையில் வரி செலுத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அறக்கட்டளையின் ஒப்புதல் எண் குறிப்பிட்ட ரசீதையும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.